கென்ட் பெயரில் ஒரு காது வில்லை

நெப்ராஸ்கா
ஆகஸ்ட் 11, 1974, ஞாயிறு

அன்புள்ள வெர்லினுக்கு,

ஆர்டிஸ் எழுதுவது. நானும் ஜோலீனும் உடம்புக்கு நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ கூலிக்குப் போன கோதுமை அறுவடைக் கூட்டம் சௌத் டகோட்டா வரை போய்விட்டது என்று உன் முதலாளியின் மனைவி போனில் சொன்னாள். அவள் கொடுத்த தபால் பெட்டி எண்ணுக்குத்தான் இதை அனுப்புகிறேன். நீ போய் ஆறு வாரம் ஆகிறது. இரண்டு அஞ்சலட்டை வந்தது. இரண்டிலும் அங்கே பெய்த மழையைப் பற்றி எழுதியிருந்தாய்.

இங்கே மழை இல்லை. மேட்டு வயல் சோளம் நுனி கருகிவிட்டது. பள்ளத்து வயல் பரவாயில்லை. உன் தம்பி வந்து கிணற்று மோட்டாரைச் சரிசெய்து கொடுத்தான். சிவப்புப் பசு சிரமமில்லாமல் கன்று போட்டது.

நம் கவுண்டியின் கால்நடைக் கண்காட்சி வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வாந்தி எடுத்துவிடுவேன் போல இருக்கிறது. எட்டாவதோடு நின்றவள் நான், கோவையாக எழுத வராது. பொறுத்துக்கொண்டு படி.

நம் பிள்ளை கென்டை மண்ணில் வைத்த மறுநாள் காலையில் நீயும் நானும் எழுந்திருக்கவே இல்லை. ஜோலீன்தான் போய் அவனுடைய செம்மறி பட்டனுக்குத் தீவனம் வைத்தாள். அது உனக்குத் தெரியாது. நீ கிளம்பிய பிறகும் ஒரு நாள் விடவில்லை. பள்ளத்துச் சாலைவரை நடத்திக்கொண்டு போவாள், வருவாள். பதினொரு வயதுப் பெண், ஆடு அவளை இழுத்துக்கொண்டு போகும். கண்காட்சிக் களத்தில் நடுவர் கை வைத்துப் பார்க்கும்போது ஆடு நம் முட்டியில் நெஞ்சை ஊன்றி முட்டிக்கொண்டு நிற்க வேண்டும் அல்லவா, பட்டன் அவளிடம் அப்படி நிற்கவே மாட்டேன் என்றது. அதற்குக் கென்டின் முட்டிதான் பழக்கம். ஒருநாள் பார்த்தால் கென்டின் ஜீன்ஸைப் போட்டு, காலை நான்கு மடிப்பு மடித்துவிட்டு நிற்கிறாள். ஆடு அவள் காலை முகர்ந்து பார்த்துவிட்டு முட்டிக்கொண்டு நின்றது. நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

கென்டின் ஆட்டுப் பதிவேட்டையும் அவளே எழுதினாள். ஜூன் பத்துவரை அவன் எழுத்து. பதினைந்திலிருந்து அவள் எழுத்து. நடுவில் நான்கு நாள் காலி. அதை நிரப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

திங்கட்கிழமை எடை போடக் கொண்டுபோனோம். ஆட்டுக் கொட்டகைக்கு இந்த வருடமும் மெர்ல் ஹஸ்காதான் பொறுப்பு. பட்டனின் காதில் மாட்டியிருந்த வில்லையில் எண்ணைப் பார்த்தார், கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. “வில்லை கென்ட் பேர்ல இருக்கு ஆர்டிஸ். குழுவக் கேக்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாது. இப்போதைக்குப் பட்டியில விடு” என்றார்.

செவ்வாய் சாயங்காலம் கண்காட்சிக் குழு கூடியது. ஏழு ஆண்கள், ஒரு ஜாடி லெமனேட். தலைவன் ஸ்டோல்ட் புதுத் தொப்பி வைத்திருந்தான். ஜூன் முதல் தேதி யார் பெயரில் வில்லை பதிவாகியிருக்கிறதோ அந்தப் பிள்ளைதான் ஆட்டைக் களத்தில் இறக்கலாம், தேதிக்குப் பிறகு பெயரை மாற்ற முடியாது என்று விதித்தாளை வாசித்தான். வாசித்துவிட்டு, “எங்களுக்கும் மனசு இருக்கும்மா. ஆனா இன்னைக்கு உனக்கு விட்டுக் குடுத்தா நாளைக்கு ஊர்ல இருக்கறவன் எல்லாம் ஆள மாத்திக்கிட்டு வந்து நிப்பான்” என்றான்.

“ஊர்ல எத்தன வீட்ல பிள்ள சாகப்போகுது?” என்று கேட்டேன். ஒருவன் டம்ளரில் ஐஸைக் கலக்கினான். மூலையில் இருந்தவன் விதித்தாளைப் புரட்டி, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் வேறு பிள்ளை இறக்கலாம், அதற்கு ஆட்டுக்குச் சொந்தக்காரப் பிள்ளை கையெழுத்துப் போட்டு அனுமதி தரவேண்டும் என்று படித்தான். படித்து முடித்து, “சாவுக்கு இதுல எடமில்ல” என்றான். விதைக் கடையில் இந்த ரகம் தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரலில் சொன்னான், வெர்லின். ஸ்டோல்ட் வேறொரு தாளை எடுத்து என் முன்னால் தள்ளினான். அந்தத் தாளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

புதன்கிழமை போட்டி. ஜோலீன் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். முதல் பரிசு ஊதா ரிப்பன் யாருக்கு என்று நினைக்கிறாய்? ஸ்டோல்ட் மகன் கர்ட்டுக்கு. அந்த ஆட்டைப் பழக்கினவன் விவசாயக் கல்லூரிப் பையன் ஒருவன், கோடை முழுக்க ஸ்டோல்ட் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கினவன். காலையில் அவன் ஆட்டைக் குளிப்பாட்டுகிறான், மயிர் வெட்டுகிறான். கர்ட் ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருந்தான். நடுவர் ஆட்டின் வயது கேட்டபோது கர்ட் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்தக் கல்லூரிப் பையன் விரலைக் காட்டினான். எல்லோரும் பார்த்தார்கள். பின்னால் யாரோ, “அடுத்த வருஷம் அந்தப் பயலுக்கே ஒரு வில்லைய மாட்டிவிடுங்கப்பா” என்றான். சிரித்தார்கள். அவ்வளவுதான். ஆட்டைப் பழக்குகிற வேலையைப் பிள்ளையே செய்ய வேண்டும் என்று அதே விதித்தாளில் இருக்கிறது. எங்கள் விதிக்கு மூன்று வரி மேலே. நானே விரல் வைத்துப் படித்தேன்.

வியாழக்கிழமை பட்டிக்கு வந்தான் ஸ்டோல்ட். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். மறுநாள் ஏலத்தில் ஜோலீன் பட்டனைப் பிடித்துக்கொண்டு கென்டின் நினைவாக ஒரு சுற்று வரட்டும் என்றான். ஒருவன் ஏலம் எடுத்துத் திருப்பிக் கொடுப்பானாம், அடுத்தவன் எடுப்பானாம், அவனும் திருப்பிக் கொடுப்பானாம், இப்படியே போகுமாம், பணமெல்லாம் நமக்காம். “கவுண்டியே ஒங்க பின்னால நிக்கும் ஆர்டிஸ். பேப்பர்க்காரனுக்கும் சொல்லிட்டேன்” என்றான். எல்லாம் முடிந்ததும் ஆடு கசாப்பு லாரியில் ஏறும். எடை போட்டு உள்ளே வந்த கிடா எதுவும் திரும்ப வீட்டுக்குப் போகக் கூடாது என்பதும் விதிதான்.

அப்போது பார்த்து தேவாலயப் பெண்களின் பலகாரக் கடையிலிருந்து இர்மா வந்தாள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒத்துக்கோடி கண்ணு. எல்லாரும் மனசார அழட்டும்” என்றாள். அதே மூச்சில், “ஆமா, அன்னைக்கு ஒங்க வீட்டுக்கு நூடுல்ஸ் கொண்டுவந்தேனே, அந்தக் கண்ணாடிப் பாத்திரம் காலியாயிடுச்சா? அடியில என் பேரு ஒட்டியிருக்கும்” என்றாள். இறப்புக்கு வந்த பாத்திரம் பதினொன்று இன்னும் நம் அலமாரியில் இருக்கிறது. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெயர். எனக்குக் களைப்பாக இருந்தது. சரி என்று தலையாட்டினேன். அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஜோலீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏலக் களத்துப் பலகைப் படியெல்லாம் ஆட்கள். ஸ்டோல்ட் மைக்கைப் பிடித்துக்கொண்டு கென்டைப் பற்றிப் பேசினான். “ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படியொரு பிள்ள வேணும்” என்றான். உயிரோடு இருந்தபோது தன் வேலியைத் தாண்டி வந்தான் என்று கென்டின் காதைத் திருகினவன் இவன். தொப்பிகள் இறங்கின. ஜோலீன் கென்டின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பட்டனோடு உள்ளே வந்தாள். ஏலம் சொல்கிறவர் வாயைத் திறக்கும் முன்னால், நேரே ஸ்டோல்ட் முன்னால் போய் நின்றாள்.

“ஸ்டோல்ட் சார், இது யாரோட ஆடு?” என்றாள். மைக் அவன் கையில் இருந்ததால் அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது.

“ஒங்க அண்ணனோடதும்மா” என்றான் அவன், குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டு.

“என்னோடது இல்லையா?”

“அது வந்து... வில்லை அண்ணன் பேர்ல...”

“அப்ப விக்கறது யாரு சார்? நான் களத்துல இறக்கறதுக்கே கென்ட் கையெழுத்து வேணும்னீங்களாமே. விக்கறதுக்குக் கையெழுத்துப் போட்டுட்டானா? காட்டுங்க.”

வெளியே ராட்டினத்துப் பாட்டு மட்டும் கேட்டது. அப்புறம் மேல்படியில் இருந்து ஒரு கிழட்டுக் குரல், “பதில் சொல்லுய்யா ஸ்டோல்ட்டு, பாப்பா கேக்குதுல்ல” என்றது. ஸ்டோல்ட் மைக்கைக் கையால் மூடினான். அவள் பட்டனின் தாடையைப் பிடித்தபடி திரும்பி வெளியே நடந்தாள். நான் ஆட்களை இடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

வாசலில் ஸ்டோல்ட் வந்து மறித்தான். முகம் பன்றிக்குட்டி மாதிரி சிவந்திருந்தது. “எட போட்ட ஆடு வெளிய போகக் கூடாது. விதி இருக்கு” என்றான். மெர்ல் கொட்டகைக் கதவருகே நின்றிருந்தார். எடை நோட்டைத் திறந்து காட்டினார். பட்டனின் எண்ணுக்கு எதிரே ஒன்றும் இல்லை. “திங்கக்கெழமை என் பென்சில் ஒடஞ்சுபோச்சு. எழுதல. எழுதாத எடைக்கு என்னய்யா விதி?” என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

ஜோலீன் அவருக்கு நன்றி சொன்னாள். நான் சொல்லவில்லை. இப்படியொரு பொய்யை வில்லைப் பட்டியலைப் பார்த்த அன்றைக்கே அவர் சொல்லியிருந்தால் என் பெண் வேலிக்கு வெளியே நின்றிருக்க மாட்டாள். எல்லோருக்கும் நல்ல மனசு வெள்ளிக்கிழமைதான் வருகிறது.

இப்போது அந்தத் தாள். ஸ்டோல்ட் என் முன்னால் தள்ளியது ஜூன் முதல் தேதி நான் கையெழுத்துப் போட்ட பதிவுத் தாள். கீழே ஒரு சின்னக் கட்டம் இருந்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றால் ஆட்டைக் குடும்பத்தின் பெயரில் பதியலாம், எந்தப் பிள்ளையும் இறக்கலாம், வேண்டுமானால் இதில் குறி போடவும் என்று எழுதியிருந்தது. குறி இல்லை. கீழே என் கையெழுத்து. அன்றைக்கு அடுப்பில் ஜாம் கொதித்துக்கொண்டிருந்தது. கென்ட் தாளை நீட்டி, “போடும்மா, லேட்டாவுது” என்றான். நான் படிக்கவில்லை. பொடி எழுத்து என்றாலே நான் படிப்பதில்லை, உனக்குத் தெரியும். ஒரு கோடு போட்டிருந்தால் போதும். ஸ்டோல்ட்டை நான் எவ்வளவு வெறுத்தாலும் அந்தத் தாளில் இருப்பது அவன் கையெழுத்து அல்ல.

இதை ஜோலீனிடம் சொன்னேன். அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னேன், அவள் முகத்தைப் பார்க்காமல். “பரவால்லம்மா. நீ என்ன வேணும்னேவா செஞ்ச?” என்றாள். தட்டுகளை எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

வெர்லின், கென்டை மண்ணில் வைத்த மறுவாரம் அதே அடுப்படியில் நான் உன்னிடம் ஒன்று சொன்னேன். சரிவில் புல் வெட்ட டிராக்டரில் அவனை அனுப்பியது நீதானே என்றேன். அதற்கு ஒன்பதாம் நாள் நீ பையைத் தூக்கிக்கொண்டு போனாய். பதினொரு வயதுப் பெண்ணுக்கு வந்த வார்த்தை எனக்கு வரவில்லை. இப்போது எழுதுகிறேன், பேச வராததால்.

சாலையோரச் சரிவில் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. உன் தம்பி வெட்டித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். அன்று கவிழ்ந்த டிராக்டர் களஞ்சியத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன்.

பட்டன் தொழுவத்தில் இருக்கிறான். வில்லையைக் கழற்றவில்லை. கென்டின் பதிவேட்டில் கடைசிப் பக்கத்தில், ஆடு கடைசியில் என்ன ஆனது என்று ஒரு வரி எழுத இடம் விட்டிருக்கிறது. எழுதுகிறாயா என்று ஜோலீனைக் கேட்டேன். “அத அப்பா எழுதட்டும்” என்றாள். பென்சிலைச் சீவி அந்தப் பக்கத்தில் வைத்து, நோட்டை உன் நாற்காலியில் வைத்திருக்கிறாள். யாரையும் அதில் உட்கார விடுவதில்லை.

கோதுமை எங்கேயும் போய்விடாது, வேறு ஆட்கள் அறுப்பார்கள். சோளம் வாடுவதைக்கூட நான் பார்த்துக்கொள்வேன். வழியில் கவனமாக ஓட்டு. இராத்திரிப் பயணம் வேண்டாம். கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்
ஆர்டிஸ்