பக்கத்து சீட்டின் பிரேக்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் வேலைக்குப் போய்ச் சேர ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். நெடுஞ்சாலையில் போனால் இருபதே நிமிடம் என்று மனைவி கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள். "உள்ரோட்டுல போனாத்தான் ஊர் புரியும்" என்றேன். "மூணு வாரமா புரிஞ்சது போதுங்க. பஞ்சர் கடைக்காரர் எல்லாம் உங்களைப் பார்த்து கை காட்டறார்" என்றாள். உண்மைதான், காட்டுகிறார். நானும் பதிலுக்குக் காட்டுகிறேன்.

சரி, இந்த நோட்டில் எழுதும்போதும் பொய் எதற்கு? எனக்கு நெடுஞ்சாலை என்றால் பயம். இருபத்திரண்டு வருடமாக ஒரு ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். அந்த ஊரில் மொத்தம் இரண்டு சிக்னல், அதில் ஒன்று எப்போது பார்த்தாலும் மஞ்சள். ஐம்பதைத் தாண்டி முள் போனால் ஊரே முடிந்துவிடும். இங்கே ஒரு பக்கத்துக்கே ஆறு தடம். லாரிகள் எல்லாம் கல்யாணத்துக்கு நேரமாகிவிட்ட மாதிரி பறக்கின்றன.

மனைவிக்குக் குளிர்பதனக் கிடங்கில் பதவி உயர்வு, அதனால் வந்தோம். ஏழாவது மாடி வீடு. படுக்கையறை ஜன்னல் முழுக்க மேம்பாலம். தினமும் அதன் முகத்தில்தான் முழிக்கிறேன். விளங்குமா?

அங்கே என் பயிற்சிப் பள்ளியை மச்சான் பார்த்துக்கொள்கிறான், இவளுடைய தம்பி. "மாசக் கடைசிக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க மாமா. இல்லேன்னா உங்க சீட்டுக்கு வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று போன வாரம் போனில் சொன்னான். இவளிடம் நான் இதைச் சொல்லவில்லை. நான் திரும்பிப் போனால் இவள் இங்கே தனியாகத்தான் இருப்பாள். பின்னாடியே வருகிற ரகம் இல்லை. வரவும் கூடாது.

மார்ச் 4

ஒரு மணி முப்பத்தொரு நிமிடம். வழியில் குப்பை லாரி.

மார்ச் 7, சனி

நான் இங்கே வேலை பார்க்கிற பயிற்சிப் பள்ளியின் முதலாளியம்மா கூப்பிட்டார். இங்கே ஒவ்வொரு மாணவருக்கும் நான்கு மணி நேரம் நெடுஞ்சாலைப் பயிற்சி கட்டாயம். நான் அந்த நான்கு மணி நேரத்தையும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற நீளமான தெருவில் ஓட்டவிட்டு, ஏட்டில் 'நெடுஞ்சாலை' என்று எழுதி வந்தேன். நீளமான தெருதானே அதுவும்? போன வாரம் அவர்களில் இரண்டு பேர் தேர்வில் தோற்றுவிட்டார்கள்.

"சார், உங்க ஆளுங்க பார்க்கிங்ல தங்கம். நூல் பிடிச்ச மாதிரி நிறுத்தறாங்க. ஹைவேல ஏறினா மட்டும் ஏன் சார், யாரோ செருப்பைத் தொலைச்ச மாதிரி தேடிக்கிட்டே போறாங்க?"

எனக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"அடுத்து ஒரு பல் டாக்டர் வர்றாங்க. இருபத்தேழாம் தேதி டெஸ்ட். அவங்களும் ஃபெயில் ஆனா, சார்..." என்று நிறுத்தினார். மீதியை நானே நிரப்பிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. நிரப்பிக்கொண்டேன். என் வேலை போய்விடும்.

மார்ச் 10, செவ்வாய்

பல் டாக்டர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வந்ததும் என் வாயைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார். தொழில் புத்தி.

"இத்தனை வருஷம் ஏன் டாக்டர் கத்துக்கலை?"

"வீட்டுக்காரர் ஓட்டுவார், நான் பக்கத்துல உட்கார்ந்து தூங்குவேன். போன வருஷம் விட்டுட்டுப் போனார், போகும்போது காரையும் எடுத்துட்டுப் போயிட்டார். கார் நல்ல கார் சார்."

கிளினிக் ஊரின் அந்தக் கோடி, வீடு இந்தக் கோடி. நடுவில் நெடுஞ்சாலை. இரண்டு பஸ் மாறிப் போகிறாராம். நன்றாகவே ஓட்டுகிறார். கண்ணாடி பார்க்கிறார், கை பதறவில்லை. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று ஒரு மணி நேரம் தேடினேன். எனக்கு அப்படி ஒரு குறை தேவைப்பட்டது. அதைக் காட்டி நெடுஞ்சாலையைத் தள்ளிப்போடலாம்.

மார்ச் 11

காலையில் தனியாக முயற்சி செய்தேன். நெடுஞ்சாலையில் ஏறும் சரிவு வரைக்கும் போனேன். அதற்கு முன்னாலேயே ஓரம் கட்டி, நான்கு விளக்கையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழுது வண்டி இழுக்கிறவர் ஒருவர் வந்து நின்றார். "என்ன சார் ரிப்பேர்?" வாய்க்கு வந்தபடி "சூடாயிடுச்சு" என்றேன். மனிதர் பானெட்டைத் திறந்து, தொட்டு, முகர்ந்து, எல்லாம் பார்த்துவிட்டு, "வண்டி ஜில்லுனு இருக்கு சார். நீங்கதான் வேர்த்து ஊத்தறீங்க" என்றார்.

திரும்பி வந்துவிட்டேன். ஒரு மணி நாற்பது நிமிடம்.

மார்ச் 14, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

டாக்டரை நெடுஞ்சாலையில் ஏற்றிவிட்டேன். வேறு வழியில்லை, முதலாளியம்மா வாசலிலேயே நின்று, "ஹைவேதானே சார்?" என்று கேட்டு அனுப்பினார். சரிவில் டாக்டர் அழகாக வேகம் எடுத்தார். இண்டிகேட்டர் போட்டார், கண்ணாடி பார்த்தார், தோளைத் திருப்பிப் பார்த்தார். பெரிய இடைவெளி இருந்தது. ஒரு வீடே கட்டலாம். அவர் அதற்குள் நுழைந்துகொண்டிருக்கும்போது பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. எங்களுக்கு அடித்ததுகூட இல்லை.

நான் மிதித்தேன்.

பயிற்சிக் காரில் எங்கள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்து என்றால் நாங்கள் மிதிப்பதற்காக. ஆபத்து இல்லாத இடத்தில் மிதித்து ஆபத்தை வரவழைத்தேன். வண்டி தடத்தின் நடுவில் குலுங்கி நின்றது. லாரி எப்படியோ விலகிப் போனது. பின்னால் வந்த கார் எங்கள் பம்பரில் ஒரு இடி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம். ஐயோ, என்னென்னமோ ஆகியிருக்கலாம்.

ஓரத்தில் நின்றதும் டாக்டர் தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எப்ப சார் பிரேக்குக்குக் காலை மாத்தினேன்? எனக்கு ஞாபகமே இல்லையே." என் பக்கத்தில் மிதித்தால் அவர் பக்கத்துப் பிரேக்கும் சேர்ந்து இறங்கும். அதை அவர் பார்த்திருக்கிறார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "பரவாயில்லை டாக்டர், புதுசா ஓட்டறவங்களுக்கு வர்றதுதான்" என்றேன்.

என்ன ஜென்மம்டா நீ?

மார்ச் 15

விபத்துப் படிவம். 'காரணம்' என்று ஒரு கட்டம். 'மாணவர் தவறுதலாக பிரேக்கை மிதித்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து மட்டும் நன்றாக வந்திருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

டாக்டர் பயிற்சியை நிறுத்திவிட்டார். இனி கார் பக்கமே வரமாட்டேன் என்று முதலாளியம்மாவிடம் சொன்னாராம். "பாவம், பயந்துட்டாங்க. உங்க மேல தப்பில்லை சார்" என்று எனக்கு ஆறுதல் வேறு.

அப்படியானால் என் வேலைக்கு ஆபத்தில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பயம், ஆஸ்பத்திரித் தெரு, பிரேக், படிவம், மச்சான் கொடுத்த கெடு, எல்லாம். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"பயம்னு எனக்கு முதல் வாரமே தெரியும். ஒன்றரை மணி நேரம் ஊர் சுத்திட்டு ஆபீஸ் போறவருக்கு வேற என்ன வியாதி இருக்கும்? நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

"நல்லா திட்டு" என்றேன்.

"ஊருக்குப் போறதுன்னா போங்க. நான் தடுக்கமாட்டேன், அழவும் மாட்டேன், இல்ல, அழுவேன், அது என் பாடு. ஆனா அந்தம்மா தலையில பழியைப் போட்டுட்டுப் போனீங்கன்னா, அங்கயும் நிம்மதியா இருக்கமாட்டீங்க. அப்புறம் எனக்குப் போன் போட்டு உயிரை எடுப்பீங்க."

என் சட்டையை மட்டும் மடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 19, வியாழன்

கிளினிக்குக்குப் போனேன். மூன்று பஸ். சும்மா பார்க்க விடமாட்டார்கள் என்று பல் வலி என்று பெயர் கொடுத்தேன். நாற்காலியில் சாய்த்து, முகத்துக்கு நேரே விளக்கைப் போட்டார்கள். டாக்டர் வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"எந்தப் பல்லு?"

"பல் இல்லை டாக்டர். கால்."

"கால் டாக்டர் அடுத்த தெரு" என்று அதற்குள் வாயில் கண்ணாடியை விட்டுவிட்டார். கண்ணாடியோடேயே சொன்னேன். என் காதுக்கே 'ஆன்தான் இதிச்சேன்' என்றுதான் கேட்டது. கண்ணாடியை எடுத்தார். மறுபடி சொன்னேன். நான்தான் மிதித்தேன். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. எனக்கு நெடுஞ்சாலை என்றால் பயம்.

 டாக்டர் நாற்காலிக்குக் கீழே கை காட்டினார். அங்கே ஒரு பெடல்.

"பல்லு குடையற மெஷின் இதுலதான் ஓடுது. காலால மிதிக்கணும். அஞ்சு நாளா இதுல காலை வைக்கவே பயந்துக்கிட்டு இருக்கேன், தெரியுமா? எனக்கே தெரியாம என் கால் மிதிச்சிடுச்சேன்னு. மூணு பேஷன்ட்டைத் திருப்பி அனுப்பிட்டேன். ஒரு சின்னப் பொண்ணு வலியோட போச்சு சார். இருபத்தாறு வருஷத்துல நான் யாரையும் அப்படி அனுப்பினதில்லை."

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. சாய்த்து வைத்த நாற்காலியிலிருந்து ஓடவும் முடியாது. "மன்னிச்சிடுங்க" என்றேன். அதுவும் கேவலமாகத்தான் இருந்தது.

"வாயைத் திறங்க" என்றார். "பொய் சொல்லிட்டு வந்தாலும் நிஜமாவே ஒண்ணு சொத்தை." பெடலில் காலை வைத்தார். ஒரு நொடி தயங்கினார். அழுத்தினார். மெஷின் அவர் சொன்ன நேரத்துக்கு ஓடியது, சொன்ன நேரத்துக்கு நின்றது. மரத்துப்போகிற ஊசி போட மட்டும் கொஞ்சம் மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். நான் நினைவுபடுத்தவில்லை.

மார்ச் 20

முதலாளியம்மாவிடம் சொன்னேன். படிவத்தை என் எதிரிலேயே கிழித்து, புதிதாக எழுத வைத்தார். "இனிமே உங்களுக்கு ரோடு கிடையாது. மைதானத்துல பார்க்கிங் மட்டும். மாசக் கடைசியில பேசலாம்."

நாள் பூராவும் கூம்புகளுக்கு நடுவில் நின்றேன். ஆரஞ்சு நிறக் கூம்புகள் எதிர்த்துப் பேசுவதில்லை.

மார்ச் 23, திங்கள்

டாக்டர் போன் செய்தார். குரலில் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது.

"டெஸ்டுக்குப் போறேன். உங்க முதலாளிகிட்ட பேசிட்டேன். நீங்கதான் பக்கத்துல உட்காரணும்."

"நானா? ஏன் டாக்டர்?"

"வேற ஆளு வந்தா, வண்டி ஒழுங்கா போனது என்னாலயா, அவங்க காலாலயான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்கன்னா காலை சீட் மேல தூக்கி வச்சுக்கச் சொல்லலாம். நீங்க கேட்பீங்க. கேட்டுத்தான் ஆகணும்."

மார்ச் 25, புதன்

ஷூவைக் கழற்றி, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், பெல்ட்டும் போட்டுக்கொண்டு. முதலாளியம்மா வாசலில் நின்று பார்த்தார். உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். கேட்டது.

சரிவு வந்தது. டாக்டர் வேகம் எடுத்தார். என் கைகள் தானாக சீட்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டன. "என் நாற்காலில உட்கார்றவங்க இப்படித்தான் பிடிப்பாங்க" என்றார், ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல். "வாயை மூடுங்க. மூக்கால மூச்சு விடுங்க. ஒண்ணும் வலிக்காது. முடிஞ்சதும் சொல்றேன்."

இடைவெளி இருந்தது, போன தடவை மாதிரியே. லாரி ஹாரன் அடித்தது, போன தடவை மாதிரியே. என் வலது கால் தொடைக்கடியில் கிடந்து துடித்தது, அவிழ்க்க முடியவில்லை. டாக்டர் நுழைந்தார். நுழைந்துவிட்டார்! நாங்கள் நடுத்தடத்தில் எல்லோரோடும் எல்லோரையும் போலப் போய்க்கொண்டிருந்தோம்.

"முடிஞ்சது" என்றார்.

இறங்கும்போது இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. நடக்க முடியாமல் காரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் காத்திருந்தார், ஆனால் கை கொடுக்கவில்லை. அது நியாயம்தான்.

மார்ச் 26

மச்சான் இரண்டு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை. என்ன சொல்வது? சம்மணம் போட்டு உட்காரப் பழகிவிட்டேன் என்றா?

மார்ச் 27, வெள்ளி

டாக்டர் பாஸ். தேர்வாளர் இறங்கும்போது, "ஹைவேல நுழைஞ்ச விதம் பிரமாதம், யார் சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டார். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நானே கத்துக்கிட்டேன்" என்றார். அவரிடம் இப்போது உரிமம் இருக்கிறது, இனி எதற்குப் பொய் சொல்ல வேண்டும்.

பள்ளிக்குத் திரும்ப வண்டியில் ஏறப் போனோம். டாக்டர் சாவியை என் பக்கம் நீட்டினார்.

"நீங்க ஓட்டுங்க."

"உள்ரோட்டுல..."

"உள்ரோட்டுல போனா ஒன்றரை மணி நேரம் ஆகும். மூணு மணிக்கு ஒரு சின்னப் பொண்ணை வரச்சொல்லியிருக்கேன்."

பக்கத்து சீட்டில் அவர் உட்கார்ந்தார். பிரேக் இருக்கிற சீட்டில். ஷூவைக் கழற்றவில்லை, காலைத் தூக்கி வைக்கவும் இல்லை. இரண்டு பாதமும் கீழே, அந்தப் பெடலுக்குப் பக்கத்திலேயே. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

ஏறினேன். எப்படி ஏறினேன் என்று கேட்காதே. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மூன்று லாரி ஹாரன் அடித்தது, மூன்றும் எனக்குத்தான். கண்ணாடியைப் பார்க்காமல் ஒரு முறை தடம் மாறினேன். மாணவனாக இருந்தால் நானே ஃபெயில் போட்டிருப்பேன். நடுவில் மச்சான் போன். டாக்டரே எடுத்து, "சார் ஹைவேல ஓட்டிக்கிட்டிருக்கார், அப்புறம் பேசுவார்" என்றார். "ராங் நம்பருங்க" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான். ராத்திரி வீட்டிலிருந்து நானே கூப்பிட்டு, வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். மனைவி பக்கத்து அறையில்தான் இருந்தாள். பாத்திரச் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது.

அந்தப் பயணத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்க வேண்டிய வழியை இரண்டு தடவை தவறவிட்டேன். இருபது நிமிடத்துக்குப் பதில் நாற்பத்தைந்து ஆனது. அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் டாக்டர் ஒரு முறைகூட பிரேக்கை மிதிக்கவில்லை.