ரத்தம் குடுக்கப் போயிருக்கேன்

வீட்டு டாக்டரே,

லூபஸ் நோய் கிட்னியைத் தாக்குதான்னு பாக்கற ரத்தப் பரிசோதனைக்குப் போறேன். "முகத்துல தடிப்பே இல்ல, எதுக்கு மூணு மாசத்துக்கு ஒருதரம் ஊசி குத்திக்கிற?"ன்னு நேத்து உங்க அக்கா முன்னாடி கேட்டீங்களே, வெறும் கண்ணால கிட்னியைப் பாக்கற வித்தையை எங்க படிச்சீங்க? போன வருஷம் உங்க பேச்சைக் கேட்டுத்தான் பரிசோதனையைத் தள்ளிப்போட்டேன். ஒரே மாசத்துல கால் ரெண்டும் வீங்கி ஆஸ்பத்திரியில படுத்தேன். அப்போ திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வராந்தாவுல நின்னீங்க.

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. சூடு பண்ணத் தெரியலைன்னா அக்காகிட்டயே யோசனை கேளுங்க. வெளியே போனா சாவியைப் பக்கத்து வீட்ல குடுங்க.

பி.கு: மாத்திரைக்குப் பதிலா அக்கா குடுத்த பொடியைக் குப்பையில கொட்டிட்டேன்.

இன்னொண்ணு: ரிசல்ட் நாலு மணிக்கு. தனியா வாங்கப் பயமா இருக்கு. வந்துடுங்க.