போர்டில் எழுதிய வரி

செவ்வாய்க்கிழமை, இரவு.

அந்த ஏஜென்டை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. நேரில்தான் அவன் சார். இந்த டைரியில் அவன் அவன்தான்.

இலுப்பூரிலிருந்து கல்ஃபுக்கு ஆள் அனுப்புகிறான். போகிறவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர என்னை வைத்திருக்கிறான். இன்று ‘கெட்’ பாடம். காலையில் கெட் அப் என்றதும் எழுந்து, கெட் இன் என்றதும் உள்ளே வந்து, கெட் அவுட் என்றதும் வெளியே நடந்து பழகினார்கள். அவன் வாசலில் நின்று திருப்தியாகத் தலையாட்டினான்.

மதியம், கெட் என்றால் கிடைப்பதும்தான் என்று சொல்லி, “வென் வில் ஐ கெட் மை பாஸ்போர்ட்?” என்று போர்டில் எழுதினேன். போகிற இடத்தில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் கேட்கவாவது தெரிய வேண்டாமா?

விறுவிறுவென்று உள்ளே வந்தவன் உள்ளங்கையாலேயே அதை அழித்தான்.

“சொன்னது வெளங்குனாப் போதும் டீச்சர். கேள்வி கேக்கவெல்லாம் நீங்க பழக்க வேணாம்.”

நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். வகுப்பில் இருந்த கொத்தனார் முருகேசனின் பாஸ்போர்ட் ஒரு மாதமாக அவன் பீரோவில் கிடக்கிறது. அவர்தான் நோட்டைப் பார்த்து, எழுத்துக்கூட்டி, அந்த வரியை அவனிடமே கேட்டார். ஒரு பிழை இல்லை.

“கெட் அவுட்” என்றான்.

முருகேசன் நோட்டை மூடினார். எழுந்தார். வெளியே நடந்தார். காலையில் நான் எப்படிப் பழக்கினேனோ, அப்படியே.