எல்லையில் காட்டிய மூன்றாம் பிரதி

என் அன்பு அத்தான்,

நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. இன்னும் துபாய் அல் குசைசில் என் அறை அலமாரியில்தான் இருக்கிறீர்கள், ஒரு பால்மா டின்னில். இலங்கையில் நடக்கும் சண்டையால் ஊருக்கு உடலை அனுப்ப வழியில்லை என்றார்கள். இங்கேயே தகனம் செய்தோம். ஓமானில், சோஹாரில் வீட்டு வேலை செய்யும் அக்காவை அவளுடைய கபீல், அவளுக்கு விசா கொடுத்த முதலாளி, விடவில்லை. பாஸ்போர்ட் அவரிடம். உங்கள் முகத்தைக்கூட அவள் கடைசியாகப் பார்க்கவில்லை, அத்தான்.

அந்த ஒப்பந்தம் நினைவிருக்கிறதா? வளைகுடாவின் ஆறு நாடுகளும் ஒன்றுசேர எழுதியது. நீங்கள் டைப்பிஸ்டாக இருந்த வக்கீல் அலுவலகத்தில் அதன் ஆங்கிலப் பிரதியை இரண்டு டைப்பிஸ்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒற்றுமை, ஒருங்கிணைப்பு என்று மணக்க மணக்க வரும் முன்பாதி உங்களுக்கு. கார்பனில் மங்கிப்போன மூன்றாம் பிரதியை மடித்துக் கொண்டுவந்து, அன்றே அக்காவுக்குக் கேசட்டில் பேசினீர்கள்.

"ஆறு நாடும் ஒண்டாகுது. இனி நீர் அங்கை, நான் இங்கை எண்டு இருக்கத் தேவையில்லை."

டைப் அடித்தவருக்குத் தெரியாததா என்று நானும் நம்பினேன்.

போன மாதம் அக்கா போனில் அழுதாள். "தம்பி, அத்தான்ர கடதாசி உன்னட்டைத்தானே இருக்கு? அதைக் காட்டு, விடுவினம்."

ஓமான் எல்லையில் காட்டினேன். ஒரு கையில் டின், மறு கையில் உங்கள் தாள். எல்லைக் காவலர் பொறுமையாக வாசித்தார். "அச்சா காகஸ், பாய். விசா மாஃபி." தாள் நல்லதுதான், விசா இல்லையாம். மடிப்புக் கலையாமல் திருப்பித் தந்தார். எனக்குப் பின்னால் வந்த உள்ளூர்க்காரரின் கார் நிற்காமலே போனது.

திரும்பி வந்து உங்கள் அலுவலகத்தில் மற்றப் பாதியைக் கேட்டு வாங்கிப் படித்தேன். போகலாம், வரலாம், தொழில் செய்யலாம். எல்லாம் அந்த நாடுகளின் குடிமக்களுக்கு. நம்மைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தப் பாதி உங்கள் மேசைக்கு வந்திருந்தால் அந்தக் கேசட்டை அனுப்பியிருப்பீர்களா?

எனக்கு யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. அக்காவிடம் இதைச் சொல்ல வாயும் வரவில்லை. "பிழையான ஆளிட்டைக் காட்டியிருப்பாய், இன்னொருக்காப் போ" என்கிறாள்.

அடுத்த வருடம் அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிந்து அவளை ஊருக்கு அனுப்புவார்கள். அன்று நானும் லீவு எடுத்துக் கொழும்புக்குப் பறப்பேன். சோஹார் இங்கிருந்து காரில் மூன்று மணி நேரம்தான். ஆனாலும் கடல் தாண்டிப் போய்த்தான் உங்களை அவள் கையில் கொடுக்க முடியும். கொடுப்பேன், அத்தான்.

அதுவரை உங்களோடு ஒரே அறையில் இருக்கும்,
உங்கள் மைத்துனன்