ஒருமுறை மட்டும் நகர்த்தலாம்

2007 பிப்ரவரி 13, செவ்வாய்

பனி. ஆலைப் பேருந்து தாமதம். பனி பெய்தது கம்பெனியின் தவறு இல்லையாம், நாங்கள் தாமதமாக வந்ததுதான் தவறாம்.

இன்றும் மூடிக்கு நான்கு ஸ்க்ரூ. டிவிடி ரெக்கார்டர் கன்வேயரில் வரும், மூடியை வைத்து நான்கு மூலையும் முடுக்குவேன், போய்விடும். உள்ளே இருப்பது என்ன, எதற்கு என்று யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

விடுதிக்கு வந்தபோது, எங்களை ஆலைக்கு ஒப்பந்தத்தில் அனுப்பும் ஏஜென்சியின் ஆள் மறுபடி உட்கார்ந்திருந்தான். ஷிமோஜி அண்ணன் ஹீட்டர் பக்கத்தில், கட்டுப்போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு.

"விடுதிப் படியில வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடு ஷிமோஜி. மாசக் கடைசி வரைக்கும் ரூம்ல இருந்துக்க. இதுக்கு மேல நாங்க என்ன செய்யறது?"

"ஏறி மிதிச்சா விரலை நசுக்குற படியா அது?" என்றேன் நான்.

அவன் சிரித்தான். வெட்கமே இல்லாமல் சிரித்தான்.

ஜனவரி 24 மதியம் கீழ்த்தளத்தில் தகடு அழுத்தும் பிரஸ் அண்ணனின் இரண்டு விரல்களை நசுக்கியது. கை நீட்டினால் தானாக நிற்க வேண்டிய இயந்திரம். வேகம் குறைகிறது என்று சென்சாரை அணைத்து வைத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை, ஏஜென்சி வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது கம்பெனி சொல்கிறது: அன்று அவர் வேலைக்கே வரவில்லை. வருகைப் பதிவும் அப்படியே சொல்கிறது. ஏன் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிரஸ் பிரிவின் சுவரில் விபத்தில்லாத நாட்கள் என்று ஒரு பலகை. ஒரு விபத்து என்றால் எண் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். பலகையைத் திருப்புவதைவிட ஒரு மனிதனைத் திருப்பி அனுப்புவது சுலபம்.

வேலையில் பட்ட காயம் என்று அரசு ஒப்புக்கொண்டால் அறுவை சிகிச்சையும் பாதிச் சம்பளத்துக்கு மேலும் கிடைக்கும். இல்லாவிட்டால் மாசக் கடைசியில் சொந்த ஊரான மியாகோ தீவுக்கு, அந்தக் கையோடு.

பிப்ரவரி 15

சாட்சி சொல்ல கீழ்த்தளத்தில் ஒருவரும் இல்லை. கோபப்படக்கூட அலுப்பாக இருக்கிறது. எல்லோருக்கும் அடுத்த மாத ஒப்பந்தம் வேண்டும்.

பிப்ரவரி 17, சனி

அம்மா வீடு. கதவைத் திறந்ததுமே, "உன் ஃபேக்டரி டிவில வந்துச்சு ஷுன்பெய். உன்னைத்தான் காணோம்" என்றாள்.

"நான் மாடிலம்மா. மாடிக்கு எவன் கேமரா தூக்கிட்டு வருவான்?"

முதியோர் இல்லத்தில் சமைப்பவள் அம்மா. உள்ளூர் சானலின் புதன்கிழமை மாலை நிகழ்ச்சியில் வரும் சமையல் பகுதிக்காகவே போன வருடம் ரெக்கார்டர் வாங்கினாள். இந்தப் புதனன்று சமையலுக்கு முன்னால் 'நம்ம ஊர்த் தொழில்' என்று எங்கள் ஆலையைக் காட்டியிருக்கிறார்கள். கேமராக்காரர்கள் வந்தது எனக்கு நினைவிருக்கிறது, என்ன தேதி என்றுதான் இல்லை. காலையில் எல்லோருக்கும் புதுத் தொப்பி கொடுத்தார்கள். படம் எடுத்து முடித்ததும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

சோற்றுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அசிரத்தையாகத்தான் பார்த்தேன். மேலாளர் பலகைக்கு முன்னால் நின்று பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறார். பலகையில் அன்றன்று மாற்றும் தேதி, ஜனவரி 24. அவர் தோளுக்குப் பின்னால் புதுத் தொப்பியோடு, பிரஸ்ஸுக்குத் தகடு கொடுத்துக்கொண்டு, ஷிமோஜி அண்ணன்.

அன்று வேலைக்கே வராத ஷிமோஜி அண்ணன்.

"என்னடா, சோறு ஆறுது."

"அம்மா, இதை அழிச்சிடாத."

"நான் எங்க அழிக்கிறேன்? அதுவாத்தான் அழிச்சுக்கும். புதன் வந்தா போன வாரத்துது இருக்காது. அதான் நான் சமையலைப் பாத்த அன்னைக்கே குறிச்சுக்கறேன்."

அதுவாக எப்படி அழியும்? என்ன இயந்திரம் இது?

பிப்ரவரி 18, ஞாயிறு

காலையிலிருந்து விளக்கப் புத்தகம். அரிசி மூட்டை மாதிரி கனம். எழுதியவன் ஒருநாளாவது அம்மா மாதிரி ஒருத்தியைப் பார்த்திருப்பானா?

"நீ செய்யற மெஷின்தானே, உனக்கே தெரியலியா?"

"நான் மூடி போடறவன்மா."

"மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை எட்டிப் பாத்திருக்கலாம்ல."

புரிந்தவரை எழுதி வைக்கிறேன். ரெக்கார்டருக்குள் ஹார்டு டிஸ்க் என்று ஒரு கிடங்கு இருக்கிறது. பதிவது எல்லாம் முதலில் அங்கேதான் போகும். வாராவாரம் பதியச் சொல்லும்போது 'மேலெழுதுக' என்று ஒரு வசதி. அதைப் போட்டால் புது வாரம் பழைய வாரத்தைத் தின்றுவிடும். கிடங்கு நிறையாமல் இருக்க. மாட்டிக்கொடுத்த கடைக்காரர் அம்மாவுக்கு நல்லது என்று நினைத்து அதைப் போட்டிருக்கிறார். இவ்வளவு நாளாக அம்மா, இயந்திரத்துக்கே ஞாபகசக்தி குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

'காப்பு' என்று இன்னொரு வசதி. போட்டால் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டு வரும். பூட்டு இருந்தால் எதுவும் மேலெழுதாதாம். போட்டேன். அம்மாவையும் வந்து பார்க்கச் சொன்னேன்.

பிப்ரவரி 19

தனியாட்களைச் சேர்த்துக்கொள்ளும் சின்ன யூனியன் ஒன்று ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிறது. ஓனோதெரா என்கிற ஒற்றை ஆள்தான் அதன் அலுவலகம். அண்ணனுக்காக அரசிடம் மனு போட்டிருப்பவர் அவர்தான். டிவித் திரையை செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினேன்.

"இது ஷிமோஜியா, தொப்பி போட்ட உருளைக்கிழங்கா?"

சானலுக்கு போன் செய்தார். கம்பெனி சம்மதம் தந்தால் பிரதி தருகிறார்களாம். திருடனிடம் கேட்டுவிட்டுத் திருட்டைக் காட்டுகிறோம் என்கிறார்கள்.

"டிஸ்க்கா போட்டுக் கொண்டா. இருபத்தாறாந்தேதி தொழிலாளர் தர அலுவலகத்துல விசாரணை. அது கையில இல்லாம நான் அங்க போயி என்னத்தப் பேசறது?"

பிப்ரவரி 21, புதன்

இரவு இடைவேளையில் அம்மாவுக்கு போன். "இப்பதான் வேலைலேர்ந்து வந்தேன், நிகழ்ச்சி முடிஞ்சிடுச்சு. புதுசும் இருக்கு, பழசும் இருக்கு. பூட்டும் இருக்கு. போதுமா?" போதும்.

பிப்ரவரி 24, சனி

வாங்கிப் போன டிஸ்க்கை இயந்திரம் துப்பிவிட்டது. இதில் நகர்த்த இயலாது என்றது. கடைக்காரர் வக்குய் வந்தார். பனி அப்பிய பூட்ஸை வாசலில் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"இது சாதா டிஸ்க் தம்பி. டிஜிட்டல் ஒளிபரப்போட வர்ற காப்பித் தடைப் பூட்டுக்கு ஒத்துவர்ற டிஸ்க் தனியா இருக்கு. கொண்டாந்திருக்கேன்."

"ஒரு காப்பி எடுத்தாப் போதும்."

"காப்பியெல்லாம் எடுக்க விடாது. ஒருமுறை பதியலாம்னுதான் அனுமதி. அதைத்தான் நீங்க கிடங்குல பதிஞ்சாச்சே. இனிமே நகர்த்தத்தான் முடியும். டிஸ்க்குக்குப் போறப்பவே இங்கேர்ந்து அழிஞ்சுகிட்டே போகும்."

"பாதில நின்னா?"

"நின்னா..." அம்மா கொடுத்த தேநீரை ஊதினார். "அங்கயும் இருக்காது, இங்கயும் இருக்காது. போன மாசம் ஒரு வீட்ல சுமோ கடைசி நாள் ஆட்டம் அப்படித்தான் போச்சு. அந்தப் பெரியவர் இன்னும் என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல."

"சரி, நல்லபடியா போயிடுச்சுன்னா?"

"போனப்புறம் டிஸ்க்கை முடிச்சு வைக்கணும். அப்படி ஒரு பட்டன் இருக்கு. வைக்காட்டி வேற மெஷின்ல ஓடாது. வச்சாலும் பழைய பிளேயர்ல, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஓடாது."

"அப்ப எதுலதாங்க ஓடும்?"

"இதுல ஓடும்" என்று எங்கள் ரெக்கார்டரைக் காட்டினார்.

பழைய டேப் இயந்திரம் இருந்தால் அதிலாவது முயன்றிருக்கலாம். அதைப் புதுசு மாட்டிய அன்றே இதே மனிதர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு சரியான டிஸ்க்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். நகர்த்தவா? ஆம், இல்லை. 'ஆம்' மேல் வெளிச்சம் நின்றது. என் விரல் ரிமோட்டில் இருந்தது. எல்லாப் பூட்டுக்கும் ஒரு காரணம் சொல்கிறார்கள், திருட்டைத் தடுக்க என்கிறார்கள். ஒரு சமையல் நிகழ்ச்சிக்கு இவ்வளவு காவல் போடத் தெரிந்தவனுக்கு ஒரு பிரஸ்ஸில் ஒரு சென்சாரை அணைக்காமல் விடத் தெரியவில்லை.

'இல்லை'யை அழுத்தினேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

ரெக்கார்டரையே கொண்டுபோக வயர்களைப் பிடுங்கினேன். எது எங்கே சொருகியிருந்தது என்று ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டினேன். மின்சாரம் போனால் உள்ளே இருப்பது போய்விடுமா என்று நான் போனில் கேட்டதற்கு வக்குய், "போகாது. கீழ மட்டும் போட்றாத" என்றார்.

அம்மா போர்வையில் சுற்றி, மேலே பெரிய துணியால் முடிச்சுப் போட்டாள். சீர் கொண்டுபோவது மாதிரி இருந்தது.

"எப்போ திரும்பும்?"

"தெரியலம்மா."

"புதன்கிழமை நான் வேலைல இருப்பேன். என்ன சமைச்சாங்கன்னு இனி எனக்கு எப்படித் தெரியும்?" கொஞ்சநேரம் கழித்து, "அந்த ஷிமோஜிப் பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல."

"அந்தக் கையோட ஊருக்குப் போனா யாரு பொண்ணு குடுப்பா? எடுத்துட்டுப் போ."

பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஓட்டுநரைத் திட்டினேன், மனசுக்குள்.

பிப்ரவரி 26, திங்கள்

விடுப்பு கேட்டேன். "எதுக்கு?" என்றான் ஏஜென்சி ஆள். "பல்வலி" என்றேன்.

தொழிலாளர் தர அலுவலகத்தின் விசாரணை அறையில் பழைய டிவி. அதிகாரி ஒரு பெண், என் அம்மா வயது. துணி முடிச்சை அவிழ்த்ததும் ஓனோதெராவைப் பார்த்தார்.

"டிஸ்க்குன்னுதானே சொன்னீங்க?"

"டிஸ்க்குதான் மேடம். கொஞ்சம் பெரிய டிஸ்க்கு."

சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர்கள். நான்தான் மாட்டினேன். படம் வந்தது, பூட்டோடு.

மேலாளர் பேசும் இடத்தில் அதிகாரி நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு படமாக நகர்த்தச் சொன்னார். அதற்கும் ஒரு பட்டன் இருக்கிறது, ஞாயிறன்றுதான் கற்றுக்கொண்டேன். தேதி. முகம். தகட்டைப் பிடித்த கை. அதிகாரி நாற்காலியை டிவி அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஷிமோஜி அண்ணன் தேதியைப் பார்க்கவில்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், திரையில் இருந்ததை. ஐந்து விரலும் தகட்டைப் பிடித்து, திருப்பி, வைத்தன. அவ்வளவு லாகவம்.

"இன்னொரு தடவை ஓட்டுங்க" என்றார். விசாரணைக்காகக் கேட்கவில்லை. அதிகாரிக்கும் அது தெரிந்தது. ஓட்டினேன்.

இயந்திரம் அங்கேயே இருக்கட்டும் என்றார்கள்.

மார்ச் 2

பல்வலிக்காரன் எங்கே போனான் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். என் ஒப்பந்தம் மாசக் கடைசியோடு முடிகிறது. காரணம், உற்பத்தி சரிசெய்தல். என்னோடு சேர்த்து ஒருவரையும் சரிசெய்யவில்லை.

மார்ச் 9

அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் ஆலைக்குள் வந்தார்களாம். கீழ்த்தளத்தில் மூன்று பேர் பேசிவிட்டார்கள். படம் இருக்கிறது என்று தெரிந்ததும் வாய் திறந்திருக்கிறது. முன்னாலேயே திறந்திருக்கலாம். சரி, நான் யார் சொல்ல? எனக்குக் குழந்தை குட்டி இல்லை.

மார்ச் 31

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். தூங்கினேன்.

ஏப்ரல் 19, வியாழன்

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் காலை முழுக்கக் காத்திருந்தேன். எல்லாமே ஏஜென்சி வழி வேலை. எங்கள் பழைய ஏஜென்சியின் பெயரைச் சொன்னதும் கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நாள் கழிச்சு வாங்க" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஷிமோஜி அண்ணன் போன். நகர ஆஸ்பத்திரியிலிருந்து. செவ்வாயன்று அறுவை சிகிச்சை முடிந்ததாம். ஒரு விரல் மடங்குமாம், இன்னொன்று அப்படியே இருக்குமாம். வேலையில் பட்ட காயம்தான் என்று அரசு ஒப்புக்கொண்டதால் யாரும் பில் நீட்டவில்லை, நீட்டுவார்கள் என்று இன்னும் பயமாக இருக்கிறது என்றார். சாப்பாட்டில் உப்பில்லை, பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விடுகிறார் என்று என்னென்னவோ சொன்னார். அப்புறம் நிறுத்தினார்.

"வேலை கிடைச்சுதா?"

"இல்லண்ணே."

"என்னாலதானே."

"ஆமா."

அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"இல்லைன்னு ஒரு வார்த்தை பொய் சொல்லக் கூடாதாடா? நிறுத்து, சிரிக்க வைக்காத. தையல் இழுக்குது."

நானும் சிரித்தேன். பேருந்து நிறுத்தத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.