மூன்றாவது மணியோசைக்குள் வந்த அம்மா

அன்பு மகள் ஜாய்சிக்கு, அப்பா லியோன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் உன் பிள்ளை ரெனிஷாவும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதப் பேனா வரமாட்டேன் என்கிறது. குவைத்து வெயிலில் அந்த ஆஸ்பத்திரி டூட்டியில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது, பூசைக்குக்கூட நடக்க முடியவில்லை, மருந்தை மாற்று என்று நீ சொன்னதை அவள் கேட்டால்தானே. எதற்கு இந்தக் காலத்தில் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் பக்கத்தில் பிள்ளை நிற்கிறாள், வாய்ஸ் போட்டாலும் காதை நீட்டுகிறாள். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்புகிற நம் ஊர்ப் பையன் ஒருவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். ரூமில் யாரும் இல்லாதபோது உட்கார்ந்து படி.

நம் ஊர் டெனிஸ் இறந்தது உனக்குத் தெரியும். வள்ளம் கவிழ்ந்தது என்று மட்டும்தான் ஊர்க் குரூப்பில் போட்டார்கள். ஏன் கவிழ்ந்தது என்று யாரும் போடக்கூடாது என்று பங்குச்சாமியார் சொல்லிவிட்டார், அது நமக்காகச் சொன்னது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு கார்ட்டூன் படத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், சிரிக்காதே.

கோடை லீவில் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோயில் மண்டபத்தில் படம் போட்டார்கள். ஒரு குடும்பம், அதில் எல்லோருக்கும் ஒவ்வொரு சக்தி, அப்பன்காரன் மலையைத் தூக்குவான், அம்மாக்காரி காற்றாகப் பறப்பாள். அவள் உலகத்தின் அந்தக் கோடியில் போய் யார் யாரையோ காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள், இங்கே வீட்டுக்கு ஆபத்து வருகிறது, சின்ன மகள் கோபுரத்தில் ஏறிப் பெரிய மணியை அடிக்கிறாள், மூன்றாவது மணியோசைக்குள் அம்மா வந்து இறங்கிவிடுகிறாள். பிள்ளைகள் மண்டபமே இடியும்படி கைதட்டினார்கள். நானும் கண்ணைத் துடைத்தேன், பொய் சொல்வானேன். மறுநாள் அதையே வைத்து ஒரு பட்டிமன்றம், இந்தப் படம் பிள்ளைகளுக்கு ஊட்டுவது நம்பிக்கையா ஏமாற்றமா என்று. கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிற வாய் என்னுடையது, விடுவார்களா, நம்பிக்கை அணிக்கு என்னைத் தலைவனாக்கிவிட்டார்கள். எதிரணிக்கு ராதாபுரத்திலிருந்து வந்து போகிற பிரியதர்ஷினி டீச்சர், ரெனிஷாவின் வகுப்பு டீச்சர்தான்.

அந்தப் பெண் சத்தம் போடாமல் பேசினாள். படம் முழுக்க அந்த அம்மா எப்போதெல்லாம் வீட்டுக்கு வருகிறாள் என்று எண்ணிப் பாருங்கள் என்றாள். "ஆபத்து வந்தாத்தான் வாரா. ஒண்ணுமில்லாத நாள்ல சும்மா வந்து பிள்ளைக்குத் தலை சீவிவிட்டதா ஒரு காட்சியாவது இருக்கா? வீட்ல காத்துக்கிட்டு இருக்கிற பிள்ளை இதுல இருந்து என்ன படிச்சுக்கிடும்? அம்மா வேணும்னா ஆபத்து வேணும்னு படிச்சுக்கிடும்" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து, "டீச்சர், உங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகல, பிள்ளையைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? எம் மகளையே எடுத்துக்கிடுங்க, குவைத்துல கிடக்கா. நம்ம கோயில் மணி அடிச்சா அவளுக்கு அங்கன கேக்கும்லா, அடுத்த பிளேனைப் பிடிச்சு வந்து நிப்பா" என்றேன். விசில் பறந்தது. நம்பிக்கை அணிக்கே தீர்ப்பு. டீச்சர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு போய்விட்டாள். ரெனிஷா முன் வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், என் பேத்திக்கு என்னால் பெருமை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே நீ போனில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப்போகிறேன் என்று சொன்னாய். பிள்ளை அதைக் கேட்டுவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டாள். மறுநாள் காலையில் வள்ளங்கள் திரும்புகிற நேரம், காற்று பலமாக இருந்தது, அலை ஆள் உயரத்துக்கு மடங்கி விழுந்துகொண்டிருந்தது. அப்போது கோயில் மணி அடித்தது. நேரம் கெட்ட நேரத்தில் மணி அடித்தால் கடலில் யாருக்கோ ஆபத்து என்று அர்த்தம், நம் ஊரில் என்ன நடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டுப் பெண்கள் கரைக்கு ஓடினார்கள், கரையில் நின்றவர்கள் ஆளாளுக்குத் தங்கள் வள்ளத்துக்குப் போன் போட்டு "மணி அடிக்குது, வாங்க" என்றார்கள், யாருக்கு என்ன என்று கேட்க ஒருவருக்கும் நிதானம் இல்லை. நானும் கத்தினேன். மற்ற நாளாக இருந்தால் டெனிஸ் அலைக்கு வெளியே நின்று, அடங்குகிற நேரம் பார்த்துத்தான் வள்ளத்தைக் கரை ஏற்றுவான். அன்றைக்கு அவன் நிற்கவில்லை. வள்ளம் எங்கள் கண்முன்னே குப்புறப் புரண்டது, கூட இருந்தவர்கள் நீந்தி வந்தார்கள், அவன் தலையில் இன்ஜின் அடித்துவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

கடலில் வேறு யாருக்கும் ஒன்றுமே ஆகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. யார் மணி அடித்தது என்று தேடிப் போன, கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை, கயிற்றைப் பிடித்தபடி நின்ற ரெனிஷாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து என்னிடம் விட்டார். நீ கோடைக்கு அனுப்பிய மஞ்சள் கவுனைப் போட்டிருந்தாள். ஏன் மக்களே அடிச்ச என்று கேட்டேன். "அப்பா கடல்ல போனப்ப மணி அடிச்சாவல்லா, அம்மா வந்தால்லா" என்றாள். நீயும் யோசித்துப் பார் ஜாய்சி. முந்தின வருஷம் கார்த்திகையில் அவள் அப்பா காணாமல் போனபோது மணி அடித்தது, நீ வந்தாய். துக்கம் முடிந்ததும் போனாய். அதற்குப் பிறகு அப்படி மணி அடிக்கவில்லை, நீயும் வரவில்லை. படத்திலும் அதுதான், தாத்தா மேடையில் சொன்னதும் அதுதான். பிள்ளை கணக்கில் எங்கே தப்பு இருக்கிறது?

ஊர்க் கமிட்டி கூடி, சின்னப் பிள்ளை, இதைப் பேசக்கூடாது என்று முடித்துவிட்டது. ஆனால் வாசலுக்கு எதிரே குழாயடியில் உன் அம்மா நின்றால் பேச்சு நின்றுபோகிறது. டெனிஸின் தாய் சூசையம்மா நம்மை ஒன்றும் சொல்லவில்லை, நான் துக்கத்துக்குப் போனபோது எழுந்து உள்ளே போய்விட்டாள், அதை என்னால் தாங்க முடியவில்லை. நான் இப்போது ஏலம் கூறப் போவதில்லை, சத்தம் வரவில்லை. பிரியதர்ஷினி டீச்சர் மட்டும் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து பிள்ளையோடு உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். அன்றைக்கு நான் சொன்னதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. ஒருமுறை மன்னிப்புக் கேட்டேன், "விடுங்க அண்ணாச்சி, பட்டிமன்றத்துல ஜெயிக்கணும்னு நானும்தான் பேசுனேன்" என்றாள்.

இதையும் எழுதிவிடுகிறேன், நீ அழுவாய், இருந்தாலும் தெரிய வேண்டும். டெனிஸை அடக்கத்துக்கு எடுத்தபோது துக்க மணி அடித்தது. வீட்டில் பிள்ளையைக் காணோம். தேடிப் போனால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள், தானே தலையைச் சீவி அதே மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டு. "இப்ப நான் அடிக்கல தாத்தா, அவங்களா அடிக்காவ. அம்மா இப்ப வந்துருவால்லா?" என்றாள். கடைசி பஸ் போகிற வரைக்கும் அவளை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. டெனிஸ் செத்தது எதனால் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. ஒருநாள் தெருவில் யாராவது சொல்லிவிடுவார்கள். அதற்கு முன்னால் அவள் தாய் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பட்டிமன்றத்தில் தீர்ப்பு தப்பு மகளே, டீச்சர் சொன்னதுதான் சரி. உன் வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை, எத்தனையோ பேர் உன் கையால் பிழைக்கிறார்கள், நம் வீட்டு அடுப்பும் எரிகிறது. கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பது உன் பாடு. ஆனால் அதற்கு முன்னால் லீவு கேட்டு ஒருமுறை வா. இந்தக் கடிதத்தைப் படித்ததும் அலறிக்கொண்டு ஓடி வராதே, அப்படி வந்தால் மணி அடித்ததால்தான் வந்தாய் என்று ஆகிவிடும். பள்ளிக்கூடம் திறந்து, காற்று அடங்கி, ஊர் சும்மா இருக்கிற ஒரு நாளில் வா. வந்து அவளுக்குத் தலை சீவிவிடு.

மறக்காமல் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை போனில் "ஏதாச்சும்னா அம்மா பறந்து வந்துருவேன்" என்று இனிமேல் அவளிடம் சொல்லாதே. நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். மாதா உன்னைக் கைவிடமாட்டாள், எங்கள் ஆசீர் எப்போதும் உன்மேல் இருக்கும். ரெனிஷா பக்கத்தில் வந்து என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்கிறாள், அம்மாவுக்கு என்றேன். "யாருக்கு என்ன ஆச்சு தாத்தா?" என்கிறாள்.

உன் அப்பா,
லியோன்