மூன்றாம் மாடிக்கு அவரை ஏற்றுவது குறித்து

அனுப்புநர்:
எலும்பு முறிவு வார்டில் கதவோரக் கட்டிலில் இருக்கும் தபால்காரரின் மனைவி,
தையற்கடை நடத்துபவர்.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: என் கணவரை வீட்டுக்கு அனுப்பும் முன் பிசியோதெரபிஸ்ட் பார்க்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மழையில் சைக்கிளோடு விழுந்து இடுப்பெலும்பு முறிந்த என் கணவருக்குத் தங்கள் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வரும் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். எங்கள் வீடு மூன்றாம் மாடியில். லிப்ட் கிடையாது.

2. தினமும் காலையில் வார்டு உதவியாளர் வந்து, வாக்கரைப் பிடிக்கவைத்து, இவரைக் கதவுவரை நடத்திக் கூட்டி வருகிறார். தங்கமான மனிதர். அவரைத்தான் பிசியோதெரபிஸ்ட் என்று நினைத்து வாய் நிறைய 'டாக்டர்' என்று கூப்பிட்டுவந்தேன். அவரும் மறுக்கவில்லை. படி ஏறலாமா என்று கேட்டபோதுதான் தலையைச் சொறிந்தார். தனக்குச் சொல்லியிருப்பது கதவுவரைதான், அதற்கென்றே படித்தவர் கீழே வெளிநோயாளிகள் பிரிவில் இருக்கிறார் என்றார்.

3. ஒன்றைத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. போய்ப் பார்த்தேன். மருத்துவமனை முழுமைக்கும் பிசியோதெரபிஸ்ட் ஒரே ஒரு அம்மையார்தான். ஒருவர் தோளை அசைத்துக்கொண்டே, எதிரே நடக்கும் இன்னொருவரின் குதிகாலைத் திருத்திக்கொண்டிருந்தார். மூலையில் இருபக்கமும் கைப்பிடி வைத்த சிறிய மரப்படிக்கட்டு ஒன்று இருக்கிறது. நோயாளிகள் ஏறிப் பழகுவதற்காம். அதன்மேல் போர்வைகள் அடுக்கியிருந்தன. வைக்க வேறு இடமில்லையாம்.

4. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டார்: "உங்க வீட்டுப் படியில கைப்பிடி எந்தப் பக்கம்? மேல வரைக்கும் இருக்கா?" கல்யாணமான நாளிலிருந்து ஏறி இறங்கும் படி. ஆனாலும் வீட்டுக்கு ஓடிப்போய்த்தான் பார்த்தேன். ஏறும்போது வலப்பக்கம், அதுவும் இரண்டாம் மாடியோடு சரி. அதற்குமேல் வெறும் சுவர். திரும்பி வந்து சொன்னால், வார்டு நோயாளியைப் பார்க்க டாக்டரின் சீட்டு வேண்டுமாம். வார்டு டாக்டரோ, தினமும்தான் நடக்கிறாரே, அப்புறம் என்ன என்கிறார். இவர்களில் யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை. கோபம் மட்டும் இருக்கிறது.

5. நடக்கவைப்பவருக்கும், நடையைப் பார்த்தே அதிலுள்ள குறையைக் கண்டுபிடிப்பவருக்கும் படிப்பில் எவ்வளவு தூரம்? படியில் எந்தக் காலை முதலில் வைப்பது என்பதுகூட அவர்களுக்கு ஒரு பாடமா? இவ்வளவு தெரிந்தவரை ஏன் மேலே அழைப்பதில்லை? குறுக்குக் கேள்வியாக எண்ண வேண்டாம். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

6. ஊரிலுள்ள மாடியெல்லாம் தபாலோடு ஏறி இறங்கியவர் என் கணவர். நேற்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் இங்கேயே இருந்துடறேனே" என்றார். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே, வெள்ளிக்கிழமைக்குள் அந்த அம்மையார் ஒருமுறை இவரைப் பார்க்கவும், போர்வைகளை எடுத்துவிட்டு அந்தப் படியில் இவரை ஏற்றிப் பார்க்கவும் தாங்கள் உத்தரவிட வேண்டுகிறேன். அதற்கு வழியில்லையென்றால், ஒன்றை மட்டுமாவது அவரிடம் கேட்டுச் சொல்லியனுப்புங்கள். கைப்பிடி முடிந்த இடத்திலிருந்து, இவருக்குப் பின்னால், ஒரு படி கீழே நின்று நான் ஏறுவதாக இருக்கிறேன். இவர் எடையில் நான் பாதிதான். நான் நிற்க வேண்டிய இடம் அதுதானா?

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
தபால்காரரின் மனைவி

இடம்: வார்டு வராந்தா
நாள்: புதன்கிழமை